நிற்காமல் ஓடிய மிஷினும் பேச்சிச்செல்வியும்

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்கு வந்தபோது, மிஷின் ரூமில் இருந்த அத்தனை பிளக்கிலும் தமிழில் சீட்டு ஒட்டியிருந்தது. குண்டு குண்டான எழுத்து. ‘டீ கெட்டில்’, ‘ஃபேன்’, ‘கேமரா’, ‘இன்டர்நெட் பெட்டி’ என்று வரிசையாக. பெரிய மிஷினின் பிளக்கில் மட்டும் சிவப்புத் தாள். ‘தொட வேண்டாம். பேச்சிச்செல்வியைக் கூப்பிடவும்’ என்று அதில் எழுதியிருந்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் நான் தரை துடைக்கிறபோது கெட்டில் பிளக் என்று நினைத்து இன்டர்நெட் பெட்டியைப் பிடுங்கிவிட்டேன். கேட்டில் கால் மணி நேரம் லாரி எல்லாம் நின்றுபோயிற்று. பிளக்குகளில் அப்போதும் பெயர் இருந்தது, ஆனால் இங்கிலீஷில். நான் சாயர்புரத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வேதப்புத்தகம் வாசிக்கிற பழக்கத்தால் தமிழ் எழுத்து கையை விட்டுப் போகவில்லை. இங்கிலீஷ் தெரியாது என்று ஆபீஸில் யாரிடமும் நான் சொன்னதும் இல்லை.

கேட் கிளார்க் தங்கப்பாண்டி அந்தச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, இது என்ன பால்வாடியா என்று கேட்டான். மிஷினைப் பார்த்துக்கொள்கிற பேச்சிச்செல்வி கம்ப்யூட்டரை விட்டுத் தலையை எடுக்காமலே சொன்னாள்.

“அவசரத்துல எனக்கே எது எதுன்னு குழம்புது அண்ணே. அதான் எழுதி ஒட்டுனேன்.”

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவளுக்கு எதுவும் குழம்பாது என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் வேலை பார்த்தது துறைமுகத்துக்குப் போகிற பைபாஸ் ரோட்டில் இருந்த ஒரு கண்டெய்னர் யார்டு. கப்பலுக்குப் போகிற பெட்டிகள் எங்களிடம் வந்து நின்றுதான் உள்ளே போகும். முதலாளி சிவசுப்பிரமணியன் அண்ணாச்சிக்கு உடன்குடிப் பக்கம். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்து, பிறகு லாரி வாங்கி, பிறகு இந்த யார்டைப் போட்டவர். பேச்சிச்செல்விக்கு ஏரல் பக்கத்தில் ஆற்றுப் பாசனத்து ஊர். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் மிஷின் ரூமுக்குள் நுழைவாள். பக்திக்காக இல்லை, தூசிக்காக. மத்தியானச் சாப்பாட்டை யாரோடும் பேசாமல் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பெரிய மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

பெரிய மிஷின் என்று நாங்கள் சொன்னது ஆபீஸின் சர்வர் கம்ப்யூட்டரை. அதில்தான் எங்கள் யார்டு முழுவதும் இருந்தது. எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது, எது எந்தக் கப்பலுக்கு, இறால் ஏற்றின குளிர்பெட்டிகளில் எத்தனை டிகிரி, எல்லாம் அதற்குள்தான். வெளியே இருக்கிற, சரக்கு அனுப்புகிற ஏஜென்டு ஆட்களும் அவரவர் ஆபீஸில் இருந்தபடியே தங்கள் பெயரில் உள்ளே வந்து விவரம் பதிந்துவிட்டுப் போவார்கள். அப்படி அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள்.

அண்ணாச்சி அந்த மிஷினை நாள் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, தன் கையால் சுவிட்சைப் போட்டு ஓடவிட்டிருந்தார். அன்று வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் அப்படியே இருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் அண்ணாச்சியே சாம்பிராணிக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து அதற்குப் புகை காட்டுவார். நல்ல நேரத்தில் ஓடத் தொடங்கியதை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது அவர் நம்பிக்கை. ஆபீஸ் முகப்பில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, ‘மிஷின் நிற்காமல் ஓடிய நாள்’ என்று மேலே எழுதி வைத்திருந்தார். தங்கப்பாண்டி காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதுவான். ஐந்நூறாம் நாளில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். பேச்சிச்செல்வியும் சாப்பிட்டாள்.

நான் சொல்லப்போகிறது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் நாளில் தொடங்குகிறது. அது வியாழக்கிழமை. வருகிற திங்கட்கிழமை ஆயிரமாம் நாள். கேசரிக்கும் கேட்டில் கட்டுகிற மாலைக்கும் சொல்லியாகிவிட்டது. கப்பல் கம்பெனி ஆட்களைக்கூட அண்ணாச்சி அழைத்திருந்தார்.

அன்று நான் டீ கொண்டுபோனபோது பேச்சிச்செல்வி திரையைப் பார்த்தபடி இருந்தாள். டம்ளரை வாங்கவில்லை. பக்கத்தில் வைத்தேன். ஆறி ஆடை பிடித்த பிறகு எடுக்கப் போனபோதும் அப்படியே இருந்தாள். உடம்புக்கு என்னம்மா என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மிஷினில் ஒரு ஓட்டை இருப்பது தெரியவந்திருக்கிறது என்றாள்.

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். மிஷினுக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பகுதி உண்டாம். அதற்குப் பெயர் கெர்னல். யார் உள்ளே வரலாம், யார் எதைத் தொடலாம் என்று பிரித்து விடுவது அதுதான். அதைச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதில் ஓட்டை இருப்பது தெரியவந்தால் அடைப்பதற்கு உண்டானதைச் செய்து அனுப்புவார்கள். அதுதான் அப்டேட். மாதா மாதம் அவள் அதை வாங்கி மிஷினில் போடுகிறாள்.

“எங்க அப்பா வயலுக்குத் தண்ணி பாய்ச்சுதவுக பிரசாதண்ணே. காலையில வரப்புல நடந்து நண்டு வளை பாப்பாவ. சின்ன வளைதான், விரல் போற அளவு. விட்டா ஒரு ராத்திரியில வயக்காட்டுத் தண்ணி பூரா கீழ எறங்கிரும். மண்ண வெட்டி வச்சு மிதிச்சு அடைக்கணும். இதும் அப்படித்தான்.”

அப்படியென்றால் மாதா மாதம் அடைத்துக்கொண்டுதானே இருக்கிறாய், பிறகு என்ன என்று கேட்டேன். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து பலகையின் முதுகுதான் தெரியும்.

“மண்ண வெட்டி வரப்பு மேல வச்சிருக்கேன். மிதிக்கல. தண்ணி ஓடிட்டே இருந்தா மிதிக்க முடியாது. மடைய அடைக்கணும். மிஷின ஒரு தரம் நிறுத்திப் போட்டாத்தான் புதுக் கெர்னல் வேலைக்கு வரும். இப்ப உள்ள ஓடிட்டிருக்கது தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு நாளைக்கு முந்தி உள்ளது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த பலகை, ஓட்டை அடைபடாமல் இருந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

இத்தனை நாளும் மெத்தனமாக இருந்தவளுக்கு இன்று மட்டும் என்ன என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவளே சொன்னாள். இதற்கு முன்பு வந்த ஓட்டைகளுக்கு வேறு தடுப்பு ஏதாவது இருந்தது. இது அப்படி இல்லை. உள்ளே வர அனுமதி உள்ள யார் பெயரிலாவது நுழைந்துவிட்டால் போதும், அங்கிருந்து மிஷினுக்கே சொந்தக்காரனாக ஆகிவிடலாம். எப்படி ஆவது என்ற வழியை யாரோ இன்டர்நெட்டிலும் போட்டுவிட்டார்கள். இனி யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வேறு ஒரு ஊரில் ஒரு யார்டு நேற்றே முடங்கிப்போனதாக, அவளைப் போலவே வேலை பார்க்கிற சிநேகிதி ஒருத்தி போனில் சொல்லியிருந்தாளாம். எந்தப் பெட்டி எங்கே என்று தெரியாமல் அங்கே ஆட்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

அவள் எழுந்து அண்ணாச்சி அறைக்குப் போனாள். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே போனேன். அதனால் அங்கே நடந்தது எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி கத்துகிற ஆள் இல்லை. முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, அவருக்கு நியாயமாகப் பட்ட ஒரு வழியைச் சொன்னார். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கேசரி கொடுத்துவிடலாம், பத்தரைக்கு அவள் நிறுத்திக்கொள்ளட்டும், நடுவில் மூன்று நாள்தானே. மூன்று நாள் அதிகம் என்றாள் அவள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“மாசா மாசம் வந்து, அப்டேட் போட்டாச்சு அண்ணாச்சின்னு நீதானம்மா சொன்ன?”

“போட்டேன் அண்ணாச்சி. ஆனா நிறுத்திப் போட்டாத்தான் அது வேலை செய்யும். அத நான் உங்ககிட்ட சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“பலகைய நீங்க அவ்வளவு ஆசையாப் பாத்தீய. ஐந்நூறு நாளைக்கு முந்தியே சொல்லிருக்கணும். சொல்ல வாய் வரல. கேசரியும் தின்னேன்.”

“அப்போ இத்தன நாளும் எங்கிட்ட பொய் சொல்லிருக்க.”

“பாதியச் சொன்னேன் அண்ணாச்சி.”

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமைக்கு முன்னால் அந்த மிஷினில் கை வைத்தால், மறுநாள் முதல் அவள் பஸ் ஏற வேண்டியதில்லை என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் மிஷினில் உள்ள விவரம் எல்லாவற்றையும் இன்னொரு சின்ன டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வைத்தாள். வீட்டில் அவளுடைய சம்பளம் எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்று எனக்குத் தெரியும். மகள் ஐஸ்வர்யா அந்த வருடம்தான் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்தாள். நான் வீட்டுக்குப் போய் ஜெபத்தில் அவள் பெயரைச் சொன்னேன். நிறுத்த வேண்டும் என்று கேட்பதா, நிறுத்த வேண்டாம் என்று கேட்பதா என்று தெரியவில்லை. பெயரை மட்டும் சொல்லி ஆமென் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பலகையில் 997. அண்ணாச்சி வழக்கம்போலக் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்து மிஷினுக்குச் சாம்பிராணி காட்டினார். பேச்சிச்செல்வி எழுந்து ஒதுங்கி நின்றாள். புகை மிஷினின் முன் துவாரங்கள் வழியாக உள்ளே இழுபட்டுப் போயிற்று. அது எப்போதும் அப்படித்தான் போகும். சாமி ஏற்றுக்கொள்கிறது என்று அண்ணாச்சி சொல்வார்.

பத்தரை மணிக்குத் தங்கப்பாண்டி சிரித்துக்கொண்டே மிஷின் ரூமுக்கு வந்தான். ஏஜென்டு ஆபீஸ் ஆள் ஒருவர் வேம்பாரில் ஒரு சடங்கு வீட்டில் இருக்கிறாராம். ஆனால் மிஷினில் அவர் பெயரில் யாரோ காலையிலிருந்து வேலை பார்ப்பதாகக் காட்டுகிறதாம்.

“சடங்கு வீட்டுல பந்தியில உக்காந்துகிட்டே வேலை பாக்காரு போல. நமக்கும் அந்தச் சூட்சுமத்தக் கேட்டுச் சொல்லு செல்வி.”

அவள் சிரிக்கவில்லை. விரல் மட்டும் வேகமாக ஓடியது. அந்த ஆளின் பெயரை உள்ளே வர விடாமல் அடைத்தாள். பிறகு அவருக்கே போன் போட்டாள். அவர் தன் ரகசிய எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். இரண்டு நாளைக்கு முன் போனில் வந்த ஏதோ ஒரு லிங்க்கைத் தட்டினதாக மட்டும் ஞாபகம் இருந்தது. அவள் போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள், இவரை அடைத்தாயிற்று, இன்னும் அறுபது பேர் இருக்கிறார்கள், யார் யார் எதைத் தட்டினார்களோ.

பன்னிரண்டு மணி வரைக்கும் அவள் ஒன்றும் செய்யவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தமிழில் எழுதினாள். அதே குண்டு எழுத்து. கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி, தாளுக்குள் வைத்து மடித்தாள். அண்ணாச்சி அறைக்குப் போய் மேஜை மேல் வைத்தாள்.

“அண்ணாச்சி, ஒண்ணே காலுக்கு மிஷின நிறுத்தப் போறேன். லாரிக்காரவுக சாப்பிடுத நேரம். இருபது நிமிஷம் ஆவும். உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னு சொல்லுதேன்.”

அவர் தாளைப் பிரிக்கவில்லை. அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, பெட்டிகள் அடுக்கியிருக்கிற பக்கமாக நடந்து போய்விட்டார். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

அவள் தங்கப்பாண்டியைக் கூப்பிட்டு, லாரி வந்தால் கையால் சீட்டு எழுதி உள்ளே விடச் சொன்னாள். குளிர்பெட்டிகளைப் பார்க்கிற ஆட்களை வரிசையாக நடந்து, பெட்டியில் தெரிகிற டிகிரியைக் கதவிலேயே சுண்ணாம்புக்கட்டியால் எழுதச் சொன்னாள். நாற்பத்திரண்டு பெட்டி இறால் இருந்தது. ஐந்து மணிக்குள் அவை துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். அதற்குப் பிறகு போனால் கப்பல் ஏற்றாது. தங்கப்பாண்டிக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பார்த்துச் செய் தாயி என்று மட்டும் சொன்னான்.

ஒன்றே காலுக்கு ஏதோ தட்டினாள். திரையில் எழுத்துகள் மேலே ஓடின. ஓடி, ஒரு வரியில் நின்றுவிட்டன. ஐந்து நிமிடம் பார்த்தாள். பத்து நிமிடம் பார்த்தாள். மிஷின் நிற்கவும் இல்லை, மறுபடி தொடங்கவும் இல்லை. ஒன்று முப்பத்தைந்துக்கு முகப்பில் இருந்த பொத்தானில் விரலை வைத்து, எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மிஷினின் சத்தம் அடங்கிப்போயிற்று. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு நாளும் அந்த இரைச்சலைக் கேட்டே வேலை பார்த்தவன் நான். அது நின்ற பிறகுதான் வெளியே காக்கை கத்துவது கேட்டது.

அவள் பொத்தானை மறுபடி அழுத்தினாள். விளக்கு எரிந்தது. இரண்டு நொடி கழித்து, கீச் கீச் என்று விடாமல் ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். அதே சத்தம், அதே மாதிரி அணைந்தது.

“உள்ள ஃபேன் சுத்தல. ஃபேன் சுத்தாட்டா இது ஓடாது.”

சிவப்புச் சீட்டு ஒட்டிய பிளக்கை அவள் பிடுங்கினாள். மூடியைத் திறக்கத் திருப்புளி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன், டார்ச் அடித்தேன். மூடியைத் தூக்கினாள். உள்ளே நான்கு சின்ன ஃபேன்கள். அதில் இரண்டு கன்னங்கரேல் என்று, தார் பூசின மாதிரி. இறக்கையிலும் நடுத்தண்டிலும் பிசுபிசுவென்று கரி அப்பியிருந்தது. சுற்றிக்கொண்டே இருந்த வரைக்கும் சூட்டில் இளகி ஓடியிருக்கிறது. நின்றதும் பிடித்துக்கொண்டது. மூக்கை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அறை முழுக்கச் சாம்பிராணி வாசனை.

வெளியே லாரி ஹாரன் கேட்கத் தொடங்கிவிட்டது. மணி இரண்டு. தங்கப்பாண்டி வந்து எட்டிப் பார்த்தான். கையில் எழுதுகிற சீட்டுக்கு வரிசை நகரவில்லையாம், பைபாஸ் வரைக்கும் லாரி நிற்கிறதாம். அவள் பழைய துணியால் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கழுவுகிற பிரஷை எடுத்துவந்து கொடுத்தேன். கரி வந்தது. ஆனால் தண்டு அசையவில்லை. விரலால் சுற்றிவிட்டால் அரைச் சுற்று சுற்றி நின்றது. நான் என் மனதுக்குள், ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. அண்ணாச்சி. செருப்பை வெளியே விட்டிருந்தார். உள்ளே வந்து, குனிந்து, திறந்து கிடந்த மிஷினைப் பார்த்தார். ஒரு விரலால் இறக்கையைத் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கறுப்பை மூக்கருகே கொண்டுபோனார்.

“பிரசாதம், தார்ப்பாய் தைக்கிற மிஷின்ல எண்ணெய்க் குப்பி இருக்கும். அத எடுத்துட்டு வாங்க. ஒரு ஊசியும்.”

நான் ஓடிப் போய் எடுத்து வந்தபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். ஃபேனை அவள் கழற்றிக் கொடுத்தாள். நடுவில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்து, ஊசி முனையில் எண்ணெயைத் தொட்டு, ஒரு சொட்டு விட்டார். விரலால் முன்னும் பின்னும் சுற்றினார். துடைத்தார். இன்னும் ஒரு சொட்டு. உடன்குடியில் சைக்கிள் அச்சுக்கு எண்ணெய் விட்ட கை அது. மூன்றாம் தடவை ஊதினதும் ஃபேன் தானாகச் சுற்றியது. அடுத்ததையும் அப்படியே செய்தார். செய்துகொண்டிருக்கும்போதே கேட்டார்.

“இது நின்னதுல ஏதும் போயிருக்குமா?”

“நேத்தே நகல் எடுத்து வச்சிட்டேன் அண்ணாச்சி. மிஷினே போனாலும் கணக்கு போவாது.”

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

இரண்டே முக்காலுக்கு அவள் மூடியை மாட்டி, பிளக்கைச் செருகி, பொத்தானை அண்ணாச்சி பக்கம் காட்டினாள். அழுத்தச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, ராகு காலம் பன்னிரண்டோடு முடிந்துவிட்டது. ஆனால் வேறு ஏதோ கணக்கு அவர் உதட்டில் ஓடியது. பிறகு அழுத்தினார்.

கீச் சத்தம் வரவில்லை. ஃபேன் இரைந்தது. திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. நடுவில் ஒரு இடத்தில் ஒரு எண் மட்டும் மெல்ல ஏறத் தொடங்கியது. விவரம் எல்லாம் பதிந்திருக்கிற வட்டைச் சரிபார்க்கிறது, இத்தனை நாள் நிற்காததால் நேரம் எடுக்கும் என்றாள். பத்து, பதினொன்று, பதினாலு. ஹாரன் சத்தம் நிற்கவே இல்லை. அறுபதில் ஐந்து நிமிடம் நின்றது. அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை, தன் கறுத்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுபது. மூன்று பத்துக்கு எங்கள் யார்டின் பெயர் திரையில் வந்தது.

அவள் ஒரே ஒரு வரி தட்டினாள். பதிலாக ஒரு எண் வந்தது. புதுக் கெர்னலின் எண் அது. அதைப் பார்த்த பிறகுதான் முதுகை நாற்காலியில் சாய்த்தாள்.

“மிதிச்சாச்சு பிரசாதண்ணே.”

கடைசிக் குளிர்பெட்டி நாலு ஐம்பதுக்குத் துறைமுக கேட்டுக்குள் போயிற்று. அதன் கதவில் சுண்ணாம்புக்கட்டி எழுத்து இன்னும் இருந்தது.

அண்ணாச்சி முகப்புக்குப் போய், தோளில் கிடந்த துண்டாலேயே பலகையில் இருந்த 997-ஐத் துடைத்தார். வேறு எதுவும் எழுதவில்லை. தங்கப்பாண்டி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். மேஜை மேல் இருந்த மடித்த தாள் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. பேச்சிச்செல்வி கை கழுவிவிட்டு வந்தபோது, அடையாள அட்டை மட்டும் அவள் நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது. அவள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

திங்கட்கிழமை சொன்னபடி கேசரி வந்துவிட்டது. சொல்லி வைத்ததை வேண்டாம் என்று சொல்ல அண்ணாச்சிக்கு மனம் இல்லை. பலகையில் தங்கப்பாண்டி 3 என்று எழுதியிருந்தான். கப்பல் கம்பெனி ஆட்கள் பலகையையும் கேசரியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எதற்கு இனிப்பு என்று ஒருவர் கேட்டார்.

“வெள்ளிக்கிழம மிஷின் நின்னுச்சுல்லா, அதுக்கு” என்றார் அண்ணாச்சி.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் சாம்பிராணிக் கரண்டி மிஷின் ரூம் நிலைப்படியைத் தாண்டவில்லை. வாசலில் நின்றே காட்டிவிட்டுப் போய்விடுவார். மாதம் ஒரு தடவை மிஷினை நிறுத்திப் போடுவது என்றும் முடிவாயிற்று. எந்த நாள் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்து அண்ணாச்சி சொல்வார். அதற்கு அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் அவசரம் என்று வந்தால் கரிநாளாக இருந்தாலும் நிறுத்துவேன் என்றும் சொல்லி வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை அப்படி நிறுத்தினாள். ஒன்று அஷ்டமியில். அண்ணாச்சி அன்று முழுவதும் யார்டில் நடந்துகொண்டே இருந்தார்.

ஒரு நாள் நான் அவளிடம் கேட்டேன், அன்றைக்கு நிஜமாகவே யாராவது அந்த வழியில் வந்தார்களா என்று. அந்த ஏஜென்டு ஆளின் பெயரில் யாரோ வந்தது உண்மை, மிஷினைப் பிடிக்க வந்தவனா, சும்மா எட்டிப் பார்க்க வந்தவனா என்பது தெரியாது என்றாள்.

“அடைச்ச வளையப் பாத்துத் திரும்பிப் போறவன் நம்மகிட்ட சொல்லிட்டா போவான்?”

எனக்கு அது மனதில் நின்றுவிட்டது. அவள் வேலை நன்றாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காத நாளுக்காக ஒருத்தி தன் சோற்றை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள். அவளை யாரும் கூப்பிட்டுப் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. அவளும் தான் இரண்டரை வருடம் பேசாமல் இருந்ததை மறக்கவில்லை. அதன் பிறகு எந்த வேலையை முடித்தாலும், முடித்தது எது, முடிக்காதது எது என்று இரண்டையும் சேர்த்தே அண்ணாச்சியிடம் சொல்லுவாள். சில நாள் அவர், போதும் தாயி, பயமா இருக்கு என்பார்.

இரண்டு வருடம் கழித்து அவள் கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை மாறியது. அவளுக்கும் அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் இதே வேலை கிடைத்தது. கடைசி நாள் அவள் பிளக்குகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை எல்லாம் உரித்தாள். எழுத்து மங்கிப் போயிருந்தது. புதிதாக எழுதி ஒட்டினாள். சிவப்புத் தாளில் தன் பெயருக்குப் பதிலாக, புதிதாக வந்திருந்த ஜெயபிரியாவின் பெயரை எழுதினாள். அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டாள். அவர் ஐஸ்வர்யாவுக்கு என்று ஒரு பேனா கொடுத்தார்.

கேட் வரைக்கும் அவள் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் நின்று, முகப்பில் இருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அன்று அதில் 11 என்று இருந்தது. நான் அவளுக்காக ஜெபித்துக்கொள்வேன் என்று சொன்னேன். சரி என்று பையை வாங்கிக்கொண்டு, பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தபடி அவள் சொன்னாள்.

“ஜெபத்தோட இன்னொண்ணும் செய்யுங்க பிரசாதண்ணே. அந்தப் பலகையில முப்பத்தஞ்சுக்கு மேல நம்பர் ஏறிச்சுன்னா, யாருகிட்டயும் கேக்க வேண்டாம். எனக்கு ஒரு போன் போடுங்க.”